வேலையால் மனம் நோகாமல் இருக்க, முதலில் வேலையைத் திருத்துவோம்

ஓசூர் சிப்காட்டில் பல தொழிற்சாலைகளின் வாசலில் ஒரு பலகை நிற்கும். கடைசியாக விபத்து நடந்து எத்தனை நாள் ஆகிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். யாருக்காவது விரல் நசுங்கினால் அந்த எண் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். ஆனால் அதே லைனில் வேலை பார்க்கும் ஒருவர் மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் தவித்தாலும், சூப்பர்வைசரின் ஏச்சுக்குப் பயந்து இன்னொருவர் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாலும் பலகையில் எதுவும் மாறுவதில்லை. அதுவும் வேலையிடத்தில் பட்ட காயம்தான். யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காயத்துக்குக் காரணமாகும் விஷயங்களை உளசமூக அபாயங்கள் என்கிறார்கள். வேலையின் அளவு, அதன் வேகம், வேலை நேரம், தன் வேலையில் ஒருவருக்கு இருக்கும் பிடி (அதாவது தானே முடிவெடுக்கும் உரிமை), மேலே இருப்பவர் பேசும் விதம், உடன் வேலை செய்பவர்களின் துணை, இந்த வேலை அடுத்த மாதமும் இருக்குமா என்ற கவலை ஆகிய எல்லாம் இதில் அடங்கும். சுருக்கமாகச் சொன்னால், வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்ற இரண்டிலிருந்தும் மனதுக்கோ உடலுக்கோ வரக்கூடிய கேடு. இது புதிதாக வந்த பேச்சு அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1984-லேயே இதைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கிறது. 2021-ல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 45003 என்ற வழிகாட்டியே வந்துவிட்டது. நம் பகுதியில் பல நிறுவனங்கள் வரவேற்பறையில் மாட்டி வைத்திருக்கும் ஐ.எஸ்.ஓ. 45001 பாதுகாப்புச் சான்றிதழின் தொடர்ச்சி அது. சான்றிதழ் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், இந்த வழிகாட்டியையும் படித்திருக்கிறீர்களா என்று நிர்வாகத்திடம் தாராளமாகக் கேட்கலாம்.

வேலை என்றால் அழுத்தம் இருக்கத்தான் செய்யும். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளில் லாரி லாரியாகத் தோத்தாபுரி வந்து இறங்கும்போது யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. சில வாரம் ஓடியாடி உழைத்துவிட்டு, பிறகு மூச்சுவிட நேரம் கிடைத்தால் மனிதர்கள் தேறிவிடுவார்கள். மூச்சுவிடவே நேரம் இல்லாமல், தன் கையில் எதுவும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் அதே அழுத்தம் மாதக்கணக்கில் நீடிப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது.

ஒரு லைனில் நிற்கும் பெண்

காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதையாக இல்லை, பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். காலை ஷிப்ட் 6 மணிக்கு. பஸ் நாலேகாலுக்கே ஊர் முனைக்கு வந்துவிடும் என்பதால் மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். வாரம் மாறினால் ஷிப்ட்டும் மாறும். உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த நேரம் வந்துவிடும்.

அவள் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு திரை. இந்த மணி நேரத்தில் எத்தனை பீஸ் முடிந்திருக்க வேண்டும், எத்தனை முடிந்திருக்கிறது என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் சொல்ல வேண்டும். அவர் ரிலீவரை அனுப்ப வேண்டும். ரிலீவர் வந்து நின்ற பிறகுதான் இவள் நகர முடியும். நாற்பது பேருக்கு ஒரே ஒரு ரிலீவர். ஆகவே அவள் கண்டுபிடித்த வழி, ஷிப்ட் முடியும் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கூடவே நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் அதையேதான் செய்கிறார்கள்.

ஒரு நாள் இலக்கு குறைந்துவிட்டது. சூப்பர்வைசர் லைன் முழுவதும் கேட்கும்படி கத்துகிறார்: "வேலை செய்ய வந்தாயா, வேடிக்கை பார்க்க வந்தாயா? முடியாவிட்டால் சொல், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள்." அவள் "இல்லை சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். மெஷின் கால் மணி நேரம் நின்றுபோனதைச் சொல்ல இடமே இல்லை. வீட்டில் அம்மாவிடம் சொன்னால், "நாலு இடம் என்றால் நாலு பேச்சு இருக்கத்தான் செய்யும், காதில் போட்டுக்கொள்ளாதே கண்ணு" என்கிறார். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. தம்பியின் படிப்புச் செலவு அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவளுக்கு வயிற்றைப் பிசைகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. எதற்கெடுத்தாலும் வீட்டில் எரிந்து விழுகிறாள். உள்ளூர் டாக்டர் வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுக்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு மனத்தைரியம் போதவில்லை என்று சொல்வது பெரிய அநியாயம். விடியும் முன் எழுந்து, ஏச்சு வாங்கி, மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறுகிறவளுக்கு எதில் தைரியம் குறைவு? நாற்பது பேருக்கு இரண்டு ரிலீவர்களைப் போடுவதும், மெஷின் நின்ற நேரத்தை இலக்கிலிருந்து கழிப்பதும், திட்ட வேண்டியதிருந்தால் தனியாக அழைத்துப் பேசுவதும் மாத்திரையைவிட அவளுக்கு நல்ல மருந்து. மூன்றுமே நிர்வாகத்தின் கையில் இருப்பவை.

பிடி இல்லாத வேலையே ஆளைத் தின்கிறது

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன் அதிகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சிகள் வேறு மாதிரி சொல்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைப்பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. பளுவும் அதிகம், அந்த வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லை என்னும்போதுதான் கேடு அதிகம் என்றார். இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் லண்டன் அரசு ஊழியர்கள் 10,000-க்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. தன் வேலையில் பிடி குறைவாக இருந்த கீழ்மட்ட ஊழியர்களுக்கே இதய நோய் அதிகமாக வந்தது.

உழைப்புக்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியும் ஒரு காரணம் என்று ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் விளக்கினார். கிடைப்பது என்றால் சம்பளம் மட்டும் இல்லை, மரியாதையும் வேலை உறுதியும் சேர்ந்ததுதான். ஒரே மெஷின், ஒரே வேலை, ஒரே கேன்டீன். ஆனால் பக்கத்தில் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளி, இவர் கான்ட்ராக்ட். சட்டை நிறத்திலேயே அந்த வேறுபாடு தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களுடன் பேசிப் பாருங்கள். சம்பள வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரி சொல்வார்கள், மரியாதை வித்தியாசத்தைப் பற்றிப் பத்து வரி சொல்வார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் அறிவித்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியதும், ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று வைத்ததும் காரணமில்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததும், மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

தொழிற்சாலைக்கு வெளியேயும் இதே கதைதான்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மைக்ரோ ஃபைனான்ஸ் கலெக்‌ஷன் வேலைக்குப் போகும் பட்டதாரிப் பையன்கள் ஏராளம். காலை 7 மணிக்கு ஒரு கிராமத்தில் கடன் வாங்கிய பெண்கள் கூடும் சென்டர் மீட்டிங், அது முடிந்தால் அடுத்த கிராமம். தவணை கட்ட முடியாத அக்காவின் வீட்டு வாசலில் இவன் நிற்க வேண்டும். அந்த அக்கா வேறு யாரும் இல்லை, இவன் அம்மாவைப் போன்ற ஒருவர்தான். "கரும்பு பணம் இன்னும் வரவில்லை தம்பி" என்று அவர் சொல்வது உண்மை என்று இவனுக்கே தெரியும். ஆனால் பணம் இல்லாமல் கிளைக்குத் திரும்பினால் மேனேஜரிடம் பதில் சொல்ல முடியாது. தெருவில் ஏச்சு ஒரு பக்கம், போனில் ஏச்சு இன்னொரு பக்கம். செய்யக் கூடாது என்று தன் மனதே சொல்வதை வயிற்றுப்பாட்டுக்காகத் தினமும் செய்ய வேண்டியிருப்பது மனதை அரிக்கும் சுமைகளில் மிகக் கொடியது. இதற்கு அவன் தியானம் பழகிப் பயனில்லை. வசூல் இலக்கை யார், எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள் என்பது மாற வேண்டும். கட்ட முடியாத குடும்பத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் களத்தில் நிற்பவனுக்குக் கொஞ்சமாவது வேண்டும்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் கட்டுப்பாட்டை இழப்பதை அடிக்கடிச் செய்தியில் பார்க்கிறோம். சரிவில் நியூட்ரலில் ஓட்டாதீர்கள் என்று போலீசாரும் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை சரிதான். ஆனால் டிரைவர் ஏன் நியூட்ரலில் போடுகிறார்? டீசலை மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்று சம்பள முறையை அமைத்திருந்தால், லோடு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று போனில் விரட்டிக்கொண்டே இருந்தால், தூங்காத கண்ணோடு அவர் வேறு என்ன செய்வார்? டிரைவரின் தவறு என்று எழுதி வழக்கை மூடிவிடலாம், அவரை விரட்டிய ஏற்பாடு அடுத்த லாரியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தையே திருத்தியது. கடை பஜாரில் துணி எடுக்கப் போகும்போது அந்த இருக்கை இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். இருக்கை இருந்தும் உட்காரப் பயமாக இருந்தால் அதுவே ஒரு அபாயம்தான்.

எதை முதலில் செய்வது

தடுப்பு என்றதும் பல நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் யோகா வகுப்பும் ஒரு மனநலச் சொற்பொழிவும் ஏற்பாடு செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. யோகா நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினில் வேலை பார்ப்பவரிடம் கையுறையைக் கொடுத்து, கவனமாக இரு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தொழிற்சாலை ஆய்வாளர் விடுவாரா? பிரஸ்ஸுக்குத் தடுப்பு எங்கே, இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால் மட்டுமே இறங்கும் ஏற்பாடு எங்கே என்றுதான் முதலில் கேட்பார். மனதுக்கும் அதே வரிசைதான். முதலில் கேடு வரும் இடத்தையே சரிசெய்ய வேண்டும். அடுத்து, அதை எதிர்கொள்ள மேற்பார்வையாளர்களையும் தொழிலாளர்களையும் பழக்க வேண்டும். அப்படியும் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சையும் துணையும் தர வேண்டும். மூன்றும் தேவை. ஆனால் முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் செய்தால் ஒருவர் குணமாகி அதே நெருப்புக்குள் திரும்பிப் போவார்.

கேடு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேலை செய்பவர்களிடமே கேட்க வேண்டும், பெயர் எழுதாத தாளில். பிரிட்டனின் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு இதற்கு ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: வேலைப்பளு, வேலையில் உள்ள பிடி, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கிடைக்கும் துணை, மனிதர்களுக்கு இடையே உறவு, தன் பொறுப்பு என்ன என்ற தெளிவு, மாற்றங்களை நிர்வாகம் கையாளும் விதம். இருபது பேர் வேலை செய்யும் சின்ன லேத் பட்டறைக்குக்கூட இது எட்டாக்கனி அல்ல. கேள்விகளை எளிய தமிழில் எழுதிக் கொடுத்து, வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் கொடுத்தால் போதும். விடுப்பு அதிகம் எடுக்கப்படும் லைன் எது, ஆட்கள் வேலையை விட்டு ஓடும் பிரிவு எது என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மோசம். அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஷிப்ட் விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிச் சுழலும் ஷிப்ட், இரவிலிருந்து மதியம், மதியத்திலிருந்து காலை என்று பின்னோக்கிச் சுழல்வதைவிட உடம்புக்கு எளிது. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க இடையில் குறைந்தது 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் ஊர்க் கணக்கில் அதற்குள்ளேயே பஸ் பயண நேரமும் போய்விடுகிறது என்பதையும் ஷிப்ட் போடுபவர் நினைவில் வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரு நிறுவனம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால் அதைச் சூப்பர்வைசர்களின் பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மேலாளர்களுக்கான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நேற்று வரை லைனில் நன்றாக வேலை செய்தவர் இன்று சூப்பர்வைசர். மெஷினைப் பற்றி எல்லாம் தெரியும், மனிதர்களை நடத்தும் விதத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்கு மேலே இருந்தவர் கத்தியதைப் பார்த்துத்தான் அவரும் கற்றுக்கொண்டார். அவருக்கும் மேலிருந்து இலக்கு இறங்குகிறது. அவரையும் தாங்கிப் பிடிக்காமல் அவரைத் திருத்த முடியாது.

பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு. குழுவில் யார் யார் என்று நோட்டீஸ் பலகையில் இருக்கிறதா என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால்

தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அழுகையோ பதற்றமோ அடங்காமல் வந்தால், குடி கூடிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கத்தில்தான்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற சில மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. போதிய காலம் சந்தா கட்டியிருந்தால் அவற்றுக்கு 80 சதவீதம் வரை, கூடுதல் காலத்துக்குப் பெறலாம். சம்பளம் போய்விடுமே என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்புபவரை முதல் நாளே இரவு ஷிப்ட்டில் போடாமல், சில வாரம் காலை ஷிப்ட்டும் பாதி இலக்குமாகத் தொடங்கவிடுவது நிர்வாகம் செய்யக்கூடியது. என்ன நோய் என்று லைனில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, ஹெச்.ஆர். அதைக் காக்க வேண்டும். எந்தக் காரணத்தால் அவர் விழுந்தாரோ அந்த இலக்கு, அந்த ஷிப்ட், அந்தச் சூப்பர்வைசர் அப்படியேதான் இருக்கிறதா என்பதை அவர் திரும்பி வரும் தேதிக்கு முன்பே உட்கார்ந்து பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மாற்றியது என்ன என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும்.